பாதி விலைக்கு ஒரு பச்சைக் கார்

கண்ணாடிக் கடை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கார்க்காரனுக்கு,

உன் பழைய அறைத்தோழன் கண்ணாடி எழுதுவது. இங்கே நானும் மனைவியும் சுகம். என் தொப்பை எங்கள் இருவரையும்விடச் சுகம். உன் சுரங்க முகாமில் குளிர் குறைந்ததா? போன் எடுக்காத மலையாகப் பார்த்துப் போய் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாயே, அந்தத் தபால் வண்டியாவது ஒழுங்காக வருகிறதா? இதை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்கிற விஷயம் இல்லை.

உன் கடிதமும், அதற்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைப் பக்கமும், பாங்க் மூலம் நீ அனுப்பிய எண்பதாயிரமும் வந்து சேர்ந்தன. ‘விற்பனைக்கு: பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு இருக்கை, பச்சை நிறம், நல்ல நிலை, எண்பதாயிரம்’ என்ற விளம்பரத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் மூன்று வட்டம் போட்டிருந்தாய். மூன்றாவது வட்டத்தில் தாள் கிழிந்தே போயிருந்தது. ஆறு வருஷம் அந்த விடுதி அறையில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவியதும் நீ ஆரம்பிக்கிற பேச்சு இந்தக் காரைப் பற்றித்தானே. சைக்கிள்கூட இல்லாதவனுக்குக் கார்க்காரன் என்று பேர் வந்தது சும்மாவா?

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். பழைய இரும்புக் கடையிலிருந்து நீயும் பல் செட்டு செய்கிற உன் அண்ணனும் கூட்டாக வாங்கி, நாலு வருஷம் கொட்டகையில் கிடந்து உயிர் கொடுத்த வண்டி அது. பதினொரு வருஷத்துக்கு முன் நீ வெளிநாடு போகப் பணம் தேவைப்பட்டது; காரை விற்றுவிடலாம் என்றாய். அவர் முடியாது என்றார். “ஊரார் பல்லைச் செஞ்சுக்கிட்டு இங்கேயே கிட, என் பாதியையும் நீயே வச்சுக்க” என்று நீ கத்தினாய். “போ, திரும்பி வராதே” என்று அவர் கத்தினார். உன் அண்ணன் உனக்குச் சொன்ன எத்தனையோ புத்திமதிகளில் அந்த ஒன்றை மட்டும் நீ இன்றுவரை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறாய். பிறகு நீ மூன்று தடவை பணம் அனுப்பினாய். மூன்று தடவையும் திரும்பி வந்தது. அப்படிப்பட்ட மனிதர் காரை விற்கிறார் என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை. ஆனால் உன் காசு என்று தெரிந்தால் தொடமாட்டார். ஆகவே, அவர் முகம் பார்த்திராத நான், எனக்கு வேண்டும் என்று சொல்லி வாங்க வேண்டும். நியாயமான விலைக்கு. குறைத்தால் அண்ணனை ஏமாற்றியது ஆகும், கூட்டினால் சந்தேகப்படுவார். இவ்வளவுதானே? இதை எழுத உனக்கு ஏழு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

இன்று காலை பஸ் பிடித்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து உன் வீட்டுக்குப் போனேன். வாசல் அறைதான் இப்போதும் அவருடைய பட்டறை. அலமாரி நிறையப் பல் செட்டுகள். மேல்தாடை ஒரு தட்டில், கீழ்த்தாடை ஒரு தட்டில், எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. பொய் சொல்ல வந்தவனை அத்தனை பல்லுக்கு நடுவில் உட்கார வைத்தால் அவன் என்ன செய்வான்? எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூட வாய் திறக்கக் கூச்சமாக இருந்தது.

உன் அண்ணன் மரியாதையான ஆள். உன்னைப் போலவே மூக்கு, உன்னைப் போல வாய் இல்லை. கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகு எதற்குக் கார் என்றார். இந்தக் கேள்வி வரும் என்று நீ ஏழு பக்கத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. கடை வாசலில் நிறுத்தி வைப்பேன், கண் சோதிக்க வருகிறவர்களைத் தூரத்தில் நிற்க வைத்து நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்வேன் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதுக்கு எண்பதாயிரமா? சுவத்துல எழுதி ஒட்டினா போதுமே” என்றார். என் தொழில் ரகசியம் என்று சமாளித்தேன்.

ஒரு விஷயத்தில் நீ என்னைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். கொட்டகைக்குள் கூட்டிப் போனார். கார் பளபளவென்று நின்றது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கதவு திறக்காது, மேலாக ஏறிக் குதித்துக்கொள்ளுங்கள் என்றார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் குதிப்பதா? நீ ஆயிரம் தடவை சொன்னது ஞாபகம் வந்தது. கதவின் அடியில் முழங்காலால் ஒரு இடி, கைப்பிடியை மேல் பக்கமாகத் தூக்கு, அப்புறம் இழு. ஒரே இழுப்பில் திறந்துகொண்டது! உன் அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார். கார் விஷயம் கரைத்துக் குடித்த ஆள் இவன் என்று அசந்துபோயிருப்பார்.

அதற்குப் பிறகு என் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். வெளிநாட்டில் என்றேன். தனியாகத் தங்கியிருந்தீர்களா என்றார். ஓர் அறையில் இரண்டு பேர் என்றேன். “கூட இருந்தவர் எப்படி, நல்ல மாதிரியா?” என்றார். “குறட்டைதான் தாங்காது, மத்தபடி தங்கமான பையன்” என்றேன். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் கால் மணி நேரம் வரவில்லை. உன் அண்ணி திரைக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு எனக்கு இரண்டு அவித்த முட்டையும் தேநீரும் வந்தன. பொருள் வாங்கப் போன இடத்தில் இப்படி ஓர் உபசாரத்தை நான் பார்த்ததில்லை.

வெளியே வந்தவர், “நாப்பதாயிரம் குடுங்க, போதும்” என்றார். எண்பது என்று போட்டிருந்ததே என்றேன். அது அச்சுப் பிழை இல்லை, ஆனால் இப்போது நாற்பதுதான் என்றார். ஒரு வார்த்தை பேரம் பேசாமல் பாதி விலைக்கு இறக்கியிருக்கிறேன். பஸ் ஏறும்வரை எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் கிளம்பிய பிறகுதான் சந்தேகம் வந்தது. பாதியாகக் குறைகிறது என்றால் வண்டியில் என்ன கோளாறோ? நீயோ நியாய விலை என்கிறாய். எதற்கும் ஓர் ஆளை வைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுப்பேன். உன்னைப் பற்றி நான் மூச்சுக்கூட விடவில்லை என்பதை மட்டும் நம்பு. உடம்பைப் பார்த்துக்கொள், கம்பளியை ஒழுங்காகப் போர்த்திக்கொள்.

இப்படிக்கு,
உன் கண்ணாடி.


கண்ணாடிக் கடை,
செவ்வாய், கடை திறப்பதற்கு முன்.

அன்புள்ள கார்க்காரனுக்கு,

என் முதல் கடிதம் உன்னை எட்டியதோ இல்லையோ. உன் பதிலுக்குக் காத்திருந்தால் தபால் வண்டி மலையேறி இறங்குவதற்குள் காருக்கு இன்னொரு வருஷம் வயசாகிவிடும். ஆகவே நானே ஒரு நிபுணரைப் பிடித்தேன். என் கடைக்கு வருகிறவர். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் சொல்வதையும் நம்பமாட்டார், ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால்தான் நம்புவார். என் கடை மேஜையைக்கூட ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கிறார்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். போர்மேன் சட்டையைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் போனார். அன்று நடந்ததை நான் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். விற்கிற உன் அண்ணன் கார் சரியில்லை என்று சத்தியம் செய்கிறார். வாங்க வந்த நாங்கள் நன்றாக இருக்கிறது என்று சண்டை போடுகிறோம். அடியெல்லாம் துரு என்றார். போர்மேன் தடவிப் பார்த்து விரலை நீட்டினார், மை வைத்த அளவுக்குக்கூடத் துரு இல்லை. எண்ணெய் ஒழுகும் என்றார். அடியில் வெள்ளைத் தாளை விரித்து அரை மணி நேரம் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒரு சொட்டு விழவில்லை. கியர் மாற்றினால் கத்தும் என்றார். “நீங்க கத்தாம இருந்தா அது கத்தாது” என்றார் போர்மேன். கடைசியில் உன் அண்ணன், அந்தக் காரில் ராசியே இல்லை என்று ஆரம்பித்துவிட்டார். அதைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க முடியாது அல்லவா.

போர்மேன் என்னைத் தனியே கூப்பிட்டார். “முப்பது வருஷத்துல இப்படி ஒரு கூத்தைப் பாத்ததில்ல. ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஏதாவதா?” என்று கேட்டார். பிறகு விலை சொன்னார். எண்பது. அதற்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை; விளம்பரத்தில் போட்டவர் விவரமான ஆள் என்றார். ஆக, நாற்பது அநியாயம் என்பது உறுதியாகிவிட்டது. அநியாயம் செய்துகொள்வது உன் அண்ணன், தனக்கே.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று போர்மேன் சொன்னார். முதலில் நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்று உன் அண்ணன் என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். தெருமுனையில் இருந்த தபால் பெட்டிக்கு வணக்கம் வைத்தார். நானும் தெரிந்தவர் யாரோ என்று கும்பிட்டுவிட்டேன். சிவப்பு விளக்கில் நிற்காமல் போனார். அடுத்த சந்திப்பில் பச்சை விளக்கில் நின்றார். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்தி எங்கள் குடும்பத்தையே விசாரித்தார்கள். “இந்த நேரத்துல கொஞ்சம் கண்ணு கூசும்” என்றார். வானம் மூடியிருந்தது. வெயிலே இல்லை.

எனக்குத் தொழில் புத்தி கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவர் கை கழுவ உள்ளே போனார். அதற்குள் போர்மேன் காரைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்விட்டார். அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய நீலக் காரை நிறுத்திவிட்டுப் போனார். உன் அண்ணன் வெளியே வந்தார். பத்தடி தூரத்தில் அவரை நிற்க வைத்து, என் கடையில் இப்படித்தான் செய்யப்போகிறேன், நம்பரைப் படியுங்கள் என்று விளையாட்டாகச் சொன்னேன். நீலக் காரைப் பார்த்துக்கொண்டே உங்கள் பச்சைக் காரின் நம்பரை ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, சரிதானே என்பதுபோல் சிரித்தார். நான் சரி என்றேன். இருபது வருஷமாகக் கண் பார்க்கிறேன். தப்பாகப் படித்தவரிடம் சரி என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

பிறகு உன் அண்ணியிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார், நான் கண்ணாடிக் கடைக்காரன் என்றதும் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, கூடவே கண் அழுத்தமும் ஏறியிருக்கிறது. அழுத்தத்தால் போகிற பார்வை போனதுதான், திரும்பாது. டாக்டர் இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. ஒரு கண்ணுக்கு நாற்பதாயிரம். எண்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? பட்டறையிலும் வருமானம் இல்லை. போன மாதம் ஒரு வக்கீலின் பல் செட்டை ஒரு தலைமையாசிரியருக்கும், அவருடையதை வக்கீலுக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டாராம். புதுசு என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு பேரும் மூன்று நாள் பொறுமையாகப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். உன் அண்ணி இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து உன் அண்ணன் புது வேலை எதுவும் எடுக்கவில்லை.

ஆக, நாற்பதுக்குக் காரைக் கொடுத்தால் அவருக்கு ஒரு கண்தான் கிடைக்கும். அந்த மனிதர் ஏன் இப்படி அடம் பிடிக்கிறார் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் ஒன்று, எண்பதைக் கொடுக்காமல் நான் விடப்போவதில்லை. உன் பணம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கவலைப்படாதே, அல்லது என்னோடு சேர்ந்து கவலைப்படு.

இப்படிக்கு,
உன் கண்ணாடி.


கண்ணாடிக் கடை,
வியாழன்.

அன்புள்ள கார்க்காரனுக்கு,

உன் பதில் நேற்றுத்தான் வந்தது. ‘மடையா’ என்று ஆரம்பித்து ‘மடையா’ என்றே முடித்திருக்கிறாய். நடுவில் என் மனைவியை நலம் விசாரித்ததற்கு நன்றி, அவள் நலம். கதவைப் பற்றி நீ எழுதியிருப்பது அத்தனையும் சரி. என்ன செய்வது, அது எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். அதைக் கேட்டுவிட்டு இன்னொரு மடையன் சேர்த்துக்கொள்.

எண்பதையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். எண்பது என்றேன். நாற்பது என்றார். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம், அறுபது என்றேன். முப்பத்தெட்டு என்றார். அறுபத்தைந்து என்றேன். முப்பத்தைந்து என்றார். நான் ஏற ஏற அவர் இறங்குகிறார். இன்னும் இரண்டு தடவை பேசியிருந்தால் காரையும் கொடுத்து எனக்குக் கையில் காசும் கொடுத்து அனுப்பியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, விற்கிற கார் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

பேச்சு நின்றுபோனதால் சாப்பிட உட்கார்ந்தோம். உன் அண்ணி பரிமாறிக்கொண்டே, சாதாரணமாக, மழை வருமா என்று கேட்கிற குரலில், “அங்க அவன் நேரத்துக்குச் சாப்பிடறானா?” என்று கேட்டார். “அதெல்லாம் நல்லா சாப்பிடுவான், சமையலே அவன்தான்” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எவன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. சமாளிக்கலாம் என்று, என் தம்பியைக் கேட்கிறீர்களா என்றேன். “இல்ல, என் தம்பியை” என்றார் உன் அண்ணன்.

முதல் நாளே தெரியுமாம். அந்தக் கதவைத் திறக்கிற வித்தை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அவர்களில் ஒருவன் கீலைத் தலைகீழாக மாட்டியதால்தான் வித்தையே தேவைப்பட்டது என்றார். அது நீதானாம், என்னிடம் ஆறு வருஷமாக அண்ணன் மாட்டியது என்று சொல்லியிருக்கிறாய். கோபமில்லையா என்று கேட்டேன். “முழங்கால் வைக்கற இடம்கூட மறக்காம வச்சிருக்கான் பாருங்க” என்றார். உன் அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் இறங்கியது, இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

எல்லாம் தெரிந்துவிட்டதே, இனிமேலாவது எண்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பீரோவிலிருந்து காரின் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். இத்தனை நாள் பீரோ சாவி கிடைக்கவில்லை என்று சொல்லி எனக்குக் காட்டாமல் வைத்திருந்த புத்தகம். உரிமையாளர் என்ற இடத்தில் இரண்டு பேர் எழுதியிருக்கிறது. முதலில் அவர் பேர், கீழே உன் பேர். பதினொரு வருஷமும் இரண்டு பேர் பேரிலும் வரி கட்டிய ரசீது பின்னால் குத்தி வைத்திருக்கிறது. நீ வீசி எறிந்துவிட்டுப் போன பாதியை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லையடா. முன்பின் தெரியாதவர் வாங்கியிருந்தால் தபாலில் உன் கையெழுத்தைக் கேட்டு வாங்கி, எண்பதையும் பெற்று, உன் பங்கை உன் பேரில் பாங்கில் போட்டுவிட்டுத் தன் நாற்பதில் ஒரு கண்ணைச் செய்துகொள்வதாக இருந்தாராம். மற்றக் கண்ணுக்கு எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். வாங்குவது நீ என்று தெரிந்ததும் கணக்கு இன்னும் சுலபமாகிவிட்டது. “அவன் பாதியை அவனுக்கே எப்படித் தம்பி நான் விக்கிறது? என் பாதிக்கு நாப்பது. அதுதான் நியாயம்” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் நியாயம் நியாயம் என்று சொல்லிச் சொல்லி ஒரு கண்ணைக் கோட்டை விடப்போகிறீர்கள் என்று கத்திவிட்டேன். விருந்தாளியாகப் போன வீட்டில் கத்தியது தப்புதான். அவர் அமைதியாக, நாற்பதும் தம்பி கையெழுத்தும் வந்தால்தான் கார், கார் போனால்தான் ஆபரேஷன் என்றார். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மூக்கு மட்டும்தான் ஒரே அச்சு என்று நினைத்திருந்தேன்.

கையெழுத்து விஷயத்தையாவது முடிக்கலாம் என்று திங்கட்கிழமை வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, விற்பவர்கள் இரண்டு பேரும் நேரில் வந்து அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். தபாலில் அனுப்பினால் செல்லாதா என்றேன், செல்லாது என்றார். வாங்குகிறவர் பேரைக் கேட்டார், சொன்னேன். “விக்கறவரும் இவரே, வாங்கறவரும் இவரேவா?” என்றார். பாதிதான் விற்கிறார், அதுவும் அவர் இல்லை, அவருடைய அண்ணன் என்று விளக்கினேன். பாதி ஆளுக்கெல்லாம் தனிப் படிவம் கிடையாது, கூட்டிக்கொண்டு வாருங்கள், வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று ஜன்னலை மூடிவிட்டார்.

இப்போது உன் பதிலுக்கு வருகிறேன். ‘விஷயம் தெரிந்துவிட்டது, இனி அண்ணன் என் காசைத் தொடமாட்டார், நீ ஒதுங்கிக்கொள், பணத்தைத் திருப்பி அனுப்பு’ என்று எழுதியிருக்கிறாய். நான் ஒதுங்கப்போவதில்லை. பணத்தையும் அனுப்பப்போவதில்லை. என் பீரோவில்தான் இருக்கும், நீயே வந்து எடுத்துக்கொள். நீ அந்தக் கடிதத்தை எழுதும்போது என் இரண்டாவது கடிதம் உனக்கு வந்திருக்காது. இப்போது வந்திருக்கும். இப்போதும் அதையே எழுதுவாயா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

திரும்பி வராதே என்றாரே என்று நீ சொல்வாய். அதையும் உனக்காக நானே கேட்டுவிட்டேன். புறப்படும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டேன், முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் வரவில்லை. “கோபத்துல சொன்னதுக்கு ஒரு கெடு கிடையாதா தம்பி? மருந்துக்குக்கூட ரெண்டு வருஷத்துல தேதி முடிஞ்சிடுது” என்றார். அண்ணி உன் அறையை ஒழித்து வைத்திருக்கிறார். அதில் காய வைத்திருந்த பல் அச்சுகளையெல்லாம் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது கூடத்தில் உட்காரவே இடம் இல்லை, எல்லா நாற்காலியிலும் தாடை.

எனக்குத் தெரிந்தவரை இதற்கு ஒரே வழிதான். நீ வந்து கையெழுத்துப் போட்டு நாற்பதைக் கொடுத்தால் முதல் கண்ணுக்கு ஆயிற்று. இரண்டாவது கண்ணுக்கு அவரிடம் நியாயம் பேசாதே, பணத்தை நீட்டாதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள். திட்டுவார். நீ அனுப்பிய பணத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பியவர்தான். ஆளைத் திருப்பி அனுப்ப அவரால் ஆகாது என்று நான் நினைக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன், நம்பு.

டாக்டர் கொடுத்த கெடுவில் இன்னும் இரண்டு வாரம்தான் மிச்சம். சுரங்கம் நீ இல்லாமல் ஒரு மாதம் அங்கேயேதான் இருக்கும், எங்கேயும் போகாது. விடுப்பு தராவிட்டால் வேண்டியவர் யாராவது செத்துப்போனதாக எழுது. நானே செத்ததாகச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, வந்து மட்டும் சேர்.

தொழில்காரனாக ஒரு யோசனை சொல்கிறேன். இப்போது வந்தால் நீ அவருக்குப் புகை மாதிரிதான் தெரிவாய். உன் தலையில் முடி போனது, கண்ணுக்குக் கீழே பை விழுந்தது, ஒன்றும் தெரியாது. அன்றைக்குக் கத்திவிட்டுப் போன பையன் என்றே நினைத்துக்கொள்வார். உனக்கும் அது கொஞ்சம் சௌகரியமாக இருக்கும். ஆனால் அதோடு நழுவிவிடாதே. கட்டுப் பிரிக்கிற அன்று எதிரில் நில். உள்ளபடி பார்க்கட்டும். இத்தனை வருஷம் எங்கேடா போனாய் என்று கேட்டால் என்னை மாதிரி உளறிக்கொட்டாமல், சும்மா நில்.

நீ நல்லபடி வந்து சேர வேண்டும். இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பஸ் நிலையத்தில் வந்து நிற்கப்போகும்
கண்ணாடி.